யாருக்கோ பிறந்தநாள், எனக்கு வாழ்த்து

அன்றைக்குத்தான் கண்ட ஒரு கிழவர் என் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திப் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துக்கள் தம்பி, வாழ்த்துக்கள்" என்றார்.

அவர் பேசியது இங்கிலீஷ்தான். ஆனால் எங்கட பெரிசுகளின் இங்கிலீஷ் போலவே அதுவும் பின்வாசலால் வீட்டுக்குள் வந்த இங்கிலீஷ். அதனால் அவரை இங்கே யாழ்ப்பாணத் தமிழிலேயே பேசவிடுகிறேன். அவர் கோபிக்க மாட்டார். அவர் பெயர் ஹெங்க்.

நான் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். வீதி வேலைக்காரர் போடுகிற செம்மஞ்சள் பாதுகாப்புச் சட்டை போட்டிருந்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். இடம் கனடாவில், விட்பியையும் தாண்டி, வீடுகள் முடிந்து வயல்கள் தொடங்குகிற பக்கம். பூவும் மரக்கறிக் கன்றும் வளர்க்கிற பென்னாம்பெரிய கண்ணாடிக் கொட்டகை. வெளியே ஏப்ரல் கடைசி. பனியென்றும் சொல்லேலாத, மழையென்றும் சொல்லேலாத ஏதோ ஒன்று விழுந்துகொண்டிருந்தது. உள்ளே ஆடி மாத வெக்கை. கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, உலகம் பால் மாதிரி வெள்ளையாய்க் கிடந்தது.

"எனக்கு ஏன் ஐயா வாழ்த்து?" என்று கேட்டேன்.

"மரெய்க்கவுக்கு இண்டைக்குப் பிறந்தநாள்."

"மரெய்க்க ஆர்?"

அவர் கையை நீட்டினார். கொட்டகையின் அந்தத் தொங்கலில், துலிப் பூச்சட்டிகளுக்கு நடுவில், வெள்ளைத் தலைமயிரோடு ஒரு மனுசி கேக் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கத்தியை ஆட்டினார். நானும் கையை ஆட்டினேன்.

அடுத்தது ஹெங்க்கின் மனைவி. கை குலுக்கல். வாழ்த்துக்கள். பிறகு ஒரு நெட்டை மனுசன். பிறகு இரண்டு சகோதரிகள். வட்டமாய்ப் போட்டிருந்த கதிரைகளைச் சுற்றி, ஒவ்வொருவரும் ஒருவரையும் விடாமல் கை குலுக்கிக்கொண்டே வந்தார்கள். என்னையும் விடவில்லை. மாப்பிள்ளையாய் மணவறையில் இருந்தால்கூட எனக்கு இவ்வளவு கை கிடைத்திருக்காது.

ஐந்தாவதோ ஆறாவதோ கை என் கையை விட்ட பிறகுதான், மாசி மாதம் எங்கள் வீட்டில் நடந்த கூத்து எனக்கு விளங்கியது.

முதலில் ஒரு திருத்தம்

போன கிழமை நான் எழுதிய முதல் கார்க் கதையில், காரைக் கொண்டுபோய் மதிலில் இடித்தது நான் என்று எழுதியிருந்தேன். இடித்தது தான்தான் என்று அண்ணா ரெலிபோன் எடுத்துச் சொன்னான். அந்தப் பெருமை அவனுக்கு வேணுமாம். சரி, கொடுத்தாயிற்று.

இந்தக் கிழமை அவனுடைய மனைவியின் கதை. துளசி அண்ணி. அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். அம்மாவிடம் கேட்கவில்லை. அம்மா இதழைக் கையில் எடுத்தால் முதலில் இராசிபலன் படிப்பார். அவர் இந்தப் பக்கத்துக்கு வருவதற்குள் நான் வேலைக்குப் போய்விடுவேன்.

ஹொலண்ட்காரி

எங்கட ஆட்களின் கலியாணச் சந்தையில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு குணம் எழுதி வைத்திருக்கிறார்கள். லண்டன் பெண்பிள்ளை என்றால் படிப்பு. பாரிஸ் என்றால் உடுப்பு. சுவிஸ் என்றால் நேரத்துக்கு வருவாள். ஹொலண்ட் என்றால்? ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. "அங்கயும் எங்கட சனம் இருக்குதோ?" என்று ரெக்ஸ்டேல் மாமா கேட்டார்.

இருக்கிறது. அண்ணி அங்கே பிறந்து வளர்ந்தவர். அண்ணாவும் அவரும் லண்டனில் யாருடையதோ கலியாண வீட்டில் சந்தித்து, இரண்டு வருடம் ரெலிபோனில் குசுகுசுத்து, கடைசியில் போன ஐப்பசியில் அண்ணி ஸ்ரௌவ்விலில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். அப்பா அமெரிக்காப் பக்கம் லொறி ஓட்டுகிறவர். கிழமையில் பாதி நாள் வீட்டில் இல்லை. ஆகவே வீட்டில் அம்மா, அண்ணா, நான். இப்போது அண்ணி.

அண்ணியின் தமிழ் அசல் யாழ்ப்பாணத் தமிழ். என்ன, சில எழுத்துகள் மட்டும் தொண்டைக்குள்ளிருந்து, மீன்முள்ளு சிக்கின மாதிரி வரும். காலமை பாணுக்குப் பட்டர் பூசி, அதற்கு மேல் சொக்லேட் தூவிச் சாப்பிடுவார். அம்மா அதைப் பார்த்துவிட்டுப் போய்ச் சம்பலை இடிப்பார். சத்தமாய் இடிப்பார்.

பிறகு சைக்கிள்.

ஸ்ரௌவ்விலில் பாலுக்குப் போவதென்றாலும் கார் வேணும். அண்ணியிடம் இங்கத்தை லைசென்ஸ் இல்லை. வந்த இரண்டாம் கிழமையே பழைய சைக்கிள் ஒன்று வாங்கிவிட்டார். மார்கழிக் குளிரில், தலைக்கு மேலே தொப்பி, தொப்பிக்கு மேலே இன்னொரு தொப்பி, முன்கூடையில் மரக்கறியோடு முதுகை நிமிர்த்தி மிதித்துக்கொண்டு வருவார்.

பக்கத்துத் தெரு அன்ரி அம்மாவுக்கு ரெலிபோன் அடித்துக் கேட்டார்: "என்ன, மருமகள் சைக்கிள்ல போறா? வீட்டில ஏதும் பிரச்சினையோ?"

அம்மா ஊரில் சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர், சைக்கிளில் கோயிலுக்குப் போனவர், அண்ணாவை வயிற்றில் வைத்துக்கொண்டும் சைக்கிள் ஓடினவர். அப்படிப்பட்டவர் ரெலிபோனை வைத்துவிட்டு, "எங்களைக் கேவலப்படுத்துறாள்" என்றார்.

அடுத்தது நாட்காட்டி. இது முக்கியம்.

ஹொலண்டில் எல்லா வீட்டிலும் பிறந்தநாள் நாட்காட்டி ஒன்று இருக்குமாம். வருடம் போடாத நாட்காட்டி. சொந்தக்காரர், சிநேகிதர் எல்லாருடைய பெயரையும் அந்தந்தத் தேதியில் எழுதி வைப்பார்கள். அதை மாட்டுகிற இடம் கக்கூஸ். ஒரு நாளைக்குப் பலமுறை, வேறு வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிற இடம் அதுதானே, மறக்க வழியில்லை. எனக்கு இது நல்ல மூளையாய்த்தான் பட்டது. அண்ணியும் அப்படியொன்றை எழுதி, கீழ்த்தட்டுக் கக்கூஸில் கொழுவிவிட்டார்.

அம்மா உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தார். கையில் நாட்காட்டி.

"என்ர பேரைக் கொண்டுபோய்க் கக்கூசுக்கை கொழுவியிருக்கு! செத்துப்போன என்ர அப்பான்ர பேரும் கிடக்கு!"

"அவரும் பிறந்தவர்தானே மாமி" என்றார் அண்ணி, மெல்ல.

நான் சிரித்துத் தொலைத்தேன். கக்கூஸ் என்ற சொல்லே, ஒருகாலத்தில் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர், அதாவது ஹொலண்ட்காரர், எங்களிடம் விட்டுவிட்டுப் போனதுதான் என்று எனக்கு அண்ணிதான் சொல்லித் தந்தார். கோட்டையை அவர்கள் கட்டினார்கள், சரி. ஆனால் எங்கட சனம் தினமும் காலமை நன்றியோடு நினைக்கிறது வேறொன்றை. அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நாட்காட்டி குசினியில் கரண்டிகள் கிடக்கிற லாச்சிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

அப்போதே நான் ஒன்றைக் கவனித்தேன். அண்ணி எப்போதும் "உங்கட வீடு" என்றுதான் சொல்லுவார். "உங்கட வீட்டில உப்பு எங்க இருக்கு?" "உங்கட வீட்டு பெல் வேலை செய்யேல்லை." ஒருநாளும் "எங்கட" என்று வந்ததில்லை. ஐப்பசியில் அது மரியாதை மாதிரி இருந்தது. தைக்குப் பிறகு அப்படி இருக்கவில்லை.

மாசி மாதக் கூத்து

மாசியில் அண்ணாவுக்குப் பிறந்தநாள். எங்கள் வீட்டில் பிறந்தநாளென்றால் கோயிலில் ஒரு அர்ச்சனை, பின்னேரம் ஒரு கேக். பிறந்தவனைத் தவிர வேறு யாருக்கும் அதில் வேலையில்லை.

அன்றைக்குக் காலமை அண்ணி வெள்ளனவே எழும்பி, குளித்து, நல்ல சீலை உடுத்திக்கொண்டு குசினிக்கு வந்தார். அம்மா தோசைக்கு மாவைக் கலக்கிக்கொண்டு நின்றார். அண்ணி நேரே அம்மாவிடம் போய் இரண்டு கைகளையும் பிடித்தார்.

"மாமி, உங்களுக்கு வாழ்த்துக்கள்!"

முகம் முழுக்கச் சிரிப்பு. கன்னம் இரண்டும் சிவந்துபோய் இருந்தது.

பிறகு என்னிடம் வந்தார். "கபி, உமக்கும் வாழ்த்துக்கள்."

இப்போது நீங்களே சொல்லுங்கள். கலியாணம் முடித்து வந்த மருமகள், காலங்காத்தாலை சீலை உடுத்திக்கொண்டு வந்து, மாமியின் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னால், தமிழ் படித்த, படிக்காத எந்தச் சனம் வேறு மாதிரி விளங்கிக்கொள்ளும்?

அம்மாவின் கையிலிருந்த அகப்பை மாவுக்குள் விழுந்தது. "என்ர ராசாத்தி!" என்று அண்ணியைக் கட்டிப்பிடித்தார். அழுதார். மா அண்ணியின் முதுகெல்லாம். நான் நின்று கைதட்டினேன். அண்ணி அப்படியே அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். தன் மகனின் பிறந்தநாளுக்கு இந்த மனுசிக்கு இவ்வளவு சந்தோசமா என்று அவர் நினைத்திருப்பார்.

அண்ணா குளித்துவிட்டுக் கீழே வருவதற்குள் அம்மா யாழ்ப்பாணத்துக்கும் பாரிசுக்கும் ரெக்ஸ்டேலுக்கும் அடித்து முடித்துவிட்டார். அர்ச்சனையில் இன்னொரு பெயருக்கும் இடம் விடச் சொல்லி ஐயருக்கும் சொல்லியாயிற்று.

பாரிஸ் சித்தி ஸ்பீக்கரில் "எத்தினை மாதம், பிள்ளை?" என்று கத்தியபோதுதான் அண்ணிக்கு விளங்கியது.

"இல்லை" என்றார் அண்ணி. "நான்... இல்லை மாமி. அப்பிடி ஒண்டும் இல்லை."

குசினியில் தோசைக்கல்லு மட்டும் புகைந்துகொண்டிருந்தது.

அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனி நான் ஆக்களுக்கு என்னத்தைச் சொல்லுறது?" என்று மட்டும் கேட்டார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. கல்லைப் பார்த்துக் கேட்டார்.

அன்றையிலிருந்து அண்ணி பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஓம், இல்லை, சாப்பிட்டனான், காணும். அண்ணா நல்லவன். வீடு வீடாய்ப் போய்ச் சூடாக்கி மெஷின் திருத்துகிறவன்; ஊரில் எல்லாருடைய வீட்டையும் சூடாக்குவான். தன் வீட்டில் சண்டையும் பிடிக்க மாட்டான், சமாதானமும் பேச மாட்டான். பங்குனியில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அண்ணி சொன்னார்: "வைகாசியில நான் ஒருக்கா அம்மாவிட்டப் போட்டு வாறன்."

எங்கள் ஊரில் போகிற எவரும் "போறன்" என்று சொல்லுவதில்லை. திரும்பி வராதவர்களும் "போட்டு வாறன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்கள். திரும்பி வருகிற ரிக்கெட் போட்டாயா என்று மேசையில் ஒருவரும் கேட்கவில்லை. அண்ணா கறியை இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டான்.

தோடம்பழக் கலர்

ஏப்ரல் கடைசியில், நான் காருக்கு வெளிக்கிடும்போது அண்ணி படியில் நின்று கேட்டார்: "கபி, சனிக்கிழமை உமக்கு வேலையோ?"

"இல்லை அண்ணி. ஏன்?"

"என்னை ஒரு இடத்தில கொண்டுபோய் விடுவீரோ? சைக்கிள்ல போகேலாது, தூரம். ஹொலண்ட் ராசாவின்ர பிறந்தநாள். விட்பிக்கு அங்கால கொஞ்சச் சனம் கொண்டாடுறவையாம். பாற்கட்டிக் கடையில பேப்பர் ஒட்டியிருந்தது."

"ராசாவோ? இப்பவும் ராசா இருக்கிறாரோ?"

"இருக்கிறார். பாவம், அவர் ஒண்டும் செய்யிறேல்லை. பிறந்தநாளுக்கு மட்டும் எல்லாருக்கும் லீவு." கன காலத்துக்குப் பிறகு முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "ஒண்டு. தோடம்பழக் கலர் உடுப்புப் போடவேணும். அது அவையின்ர ராசகுடும்பத்துக் கலர்."

வீடு முழுக்கத் தேடினேன். அம்மாவிடம் காவிச் சால்வை இருந்தது. கோயிலுக்குக் கட்டுவதை ராசாவுக்குக் கட்ட விடமாட்டார். கடைசியில் கராஜில், போன கோடையில் வீதி வேலைக்குப் போனபோது போட்ட பாதுகாப்புச் சட்டை கிடைத்தது. இருட்டில் மினுங்குகிற வெள்ளைப் பட்டியும் உண்டு. இதைவிடத் தோடம்பழமாய் உலகத்தில் ஒன்றுமில்லை.

அண்ணி தன் தம்பியின் செம்மஞ்சள் பந்தடிச் சட்டையைப் போட்டிருந்தார். முழங்கால் வரைக்கும் தொங்கியது. என்னைப் பார்த்தார். காருக்குள் ஏறி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

நாலுநூற்றியொன்று நெடுஞ்சாலையில் மூடுபனி. முன்னால் போகிற கார்களின் சிவப்பு விளக்குகள் மட்டும் தண்ணீருக்குள் மிதக்கிற மாதிரி. கார் ஓடுகிறதா, இல்லை நாங்கள் நிற்க வீதிதான் ஓடுகிறதா என்று தெரியவில்லை. அண்ணி ஏதோ ஒரு பாட்டை வாய்க்குள் முணுமுணுத்தார். தமிழில்லை. நான் றேடியோவை நிறுத்திவிட்டேன்.

போய் இறங்கியதும் ஒரு மனுசி காரை மெதுவாய் ஓட்டிக்கொண்டு வந்து, கண்ணாடியை இறக்கி, "எங்க பாக் பண்ணுறது?" என்று என்னிடம் கேட்டார். சட்டை செய்த வேலை. நான் கையை நீட்டி இடம் காட்டினேன். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று கார். எல்லாரையும் வடிவாய் நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போனேன்.

கண்ணாடிக்குள் வெயில்

கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் மோதியது. கூடவே ஒரு பச்சை மணம்.

அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன அண்ணி?"

"தக்காளி இலை" என்றார். "என்ர அம்மா இப்பிடித்தான் மணப்பா. வேலையால வந்து கட்டிப்பிடிச்சா இந்த மணம்தான். ஹொலண்டுக்கு வந்த நாளையில இருந்து இப்பிடிக் கண்ணாடிக் கொட்டகையிலதான் வேலை. எத்தினை சோப் போட்டாலும் போகாது."

நடுகைக்கு வைத்திருந்த தக்காளிக் கன்றுகள் ஒரு பக்கம் வரிசை வரிசையாய். மறுபக்கம் துலிப். நடுவில் செம்மஞ்சள் கடதாசிச் சங்கிலிகள், பலூன்கள், நிலத்தில் போர்வை விரித்துப் பழைய விளையாட்டுச் சாமான் விற்கிற சின்னஞ்சிறுசுகள். மேலே கண்ணாடியில் பனிமழை விழுந்து, உருகி, வரிவரியாய் வழிந்தது. அந்த வெளிச்சத்தில் எல்லாரும் கொஞ்சம் நீருக்கடியில் இருக்கிற மாதிரித் தெரிந்தார்கள். ஒருவரும் அவசரப்படவில்லை. ஒரு அக்கோடியன் எங்கேயோ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

சிறுசுகளை விட்டால் எல்லாம் கிழடுகள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கப்பலேறி இங்கே வந்து தோட்டம் செய்தவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பாஷை வராது. எங்களைக் கண்டதும் ஒரு மனுசி மிக மரியாதையாய், மிக மெதுவாய், இங்கிலீஷில் கேட்டார்: "பூ வாங்க வந்தனீங்களோ?"

அண்ணி நேரே அந்தப் பாஷையில் 'பிறந்தநாள்' என்று எழுதிய பட்டியைத் தோளில் போட்டிருந்த மரெய்க்கவிடம் போய்க் கை கொடுத்து, அதே பாஷையில் வாழ்த்துச் சொன்னார். "ஹெஃபெலிசிதேர்த்!" அந்தச் சொல்லின் முதலெழுத்து தொண்டையைக் கிழித்துக்கொண்டு வரவேணும். அண்ணிக்கு அது நோகாமல் வந்தது. பிறகு மரெய்க்கவின் புருசன். பிறகு மகள். பிறகு வட்டத்தில் இருந்த ஒவ்வொரு கதிரையாய்.

அக்கோடியன் நின்றது. அவ்வளவு கிழடுகளும் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்.

அரை வருடத்துக்கு மேலாய் ஒரே வீட்டில் இருக்கிறேன். அண்ணியின் குரல் இவ்வளவு சத்தமென்று எனக்குத் தெரியாது. கையை விசுக்கி, மேசையில் அடித்து, ஒருவரின் பேச்சை இடைவெட்டி, இன்னொருவரின் தோளில் தட்டி. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அரைத் தூக்கத்தில் பக்கத்து அறைச் சிரிப்பைக் கேட்கிற மாதிரி இருந்தது. கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது.

"என்ன சொல்லுகினம்?" என்று இடையில் கேட்டேன்.

"இவை கதைக்கிறது சரியான பழசு கபி! இப்ப அங்க ஒருத்தரும் இப்பிடிக் கதைக்கிறேல்லை. பழைய படத்துக்குள்ள வந்து இருக்கிற மாதிரி இருக்கு."

ஹெங்க் இதைக் கண்டுபிடித்துவிட்டார். "என்னைப் பகிடி பண்ணுறாள் என்ன? நான் கப்பலேறின அண்டைக்குக் கதைச்ச பாஷைதான் என்னட்ட இருக்கு. அதுக்குப் பிறகு அவங்கள் மாத்தினதுக்கு நான் பொறுப்பில்லை."

யாழ்ப்பாணத்தில் இருக்கிற என் மச்சாளுக்கு அம்மா ரெலிபோன் எடுத்தாலும் இதே கதைதான். மாமி கதைக்கிறது வரலாற்றுப் பாடம் மாதிரி இருக்கு என்று அவள் சிரிப்பாள்.

பிறகு என்னை அந்த வட்டத்தில் உட்காரவைத்தார்கள். நான் முதலில் சொன்ன கைகுலுக்கல் நடந்தது. ஐந்தாறு கைக்குப் பிறகு ஹெங்க்கிடம் திரும்பவும் கேட்டேன்: "பிறந்தது அந்த அம்மா. என்னை ஏன் வாழ்த்துறியள்?"

அவர் என்னை, தண்ணீர் ஏன் ஈரம் என்று கேட்டவனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

"அவள் பிறந்தது அவளுக்கு மட்டுமே சந்தோசம்? அவளின்ர மனுசனுக்கு அவள் கிடைச்சாள். பிள்ளையளுக்கு அம்மா கிடைச்சாள். எனக்குச் சண்டை பிடிக்கப் பக்கத்து வீட்டுக்காரி கிடைச்சாள். உனக்கு இண்டைக்குக் கேக் கிடைக்குது. அப்ப எல்லாருக்கும்தானே வாழ்த்து."

நான் திரும்பி அண்ணியைப் பார்த்தேன். அவர் தூரத்தில் நின்றார். கயிற்றில் கேக் துண்டு கட்டித் தொங்கவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் கவ்வுகிற போட்டி. எங்கட ஒன்றுகூடலில் பணிஸ் கட்டி வைக்கிற அதே விளையாட்டு. அண்ணி எம்பி எம்பிக் கவ்வினார். மூக்கெல்லாம் கேக்.

மாசி மாதம் சீலை உடுத்திக்கொண்டு குசினிக்குள் வந்த அண்ணியை, அப்போதுதான் நான் முதன்முதலாய்ப் பார்த்தேன்.

திரும்பி வரும் வழி

பின்னேரம் மூடுபனி மேலே தூக்கிவிட்டது. வயல்களுக்கு மேலே வானம் நீளமாய்ச் செம்மஞ்சளாய்க் கிடந்தது. ராசாவுக்காக அங்கேயும் சோடித்திருந்தார்கள் போல. அண்ணியின் மடியில் மரெய்க்க கொடுத்துவிட்ட துலிப் கட்டு.

"அண்ணி, அண்ணான்ர பிறந்தநாளுக்கு நீங்கள் செய்தது இதுதானே?"

"ஓம்."

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?"

"ஆருக்கு? மாமி அதுக்குள்ள பாரிசுக்கு அடிச்சிட்டா."

மடியில் கிடந்த பூக்களை நேராக்கினார்.

"உங்கட வீட்டுக்கு வந்து அண்டைக்குத்தான் மாமி முதன்முதலாக் கட்டிப்பிடிச்சவ, கபி. விடவே இல்லை. நான் நினைச்சன், அப்பாடா, என்னைப் பிடிச்சிட்டுது எண்டு. பிறகு நானே 'இல்லை' எண்டு சொல்லி அந்தக் கையைக் கழட்டவேண்டியதாப் போச்சு."

நான் வீதியைப் பார்த்து ஓட்டினேன்.

"ரிக்கெட் ஒருவழியோ அண்ணி?"

"திரும்பி வாற திகதி போடேல்லை" என்றார். "போடலாம். இன்னும் போடேல்லை."

வீட்டுக்கு வந்ததும் அண்ணி மேலே போய்விட்டார். அம்மா குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டு நின்றார். நான் பாதுகாப்புச் சட்டையைக் கழற்றாமலே முழுவதையும் சொன்னேன். கதிரை வட்டம், கைகுலுக்கல், ஹெங்க், எல்லாம்.

அம்மா கத்தியை நிறுத்தவில்லை. வெட்டிக்கொண்டே, "அப்ப அவள் அண்டைக்கு என்னை வாழ்த்தத்தான் வந்தவளோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"நான் அவனைப் பெத்ததுக்கு?"

"ஓம் அம்மா."

கத்தி நின்றது.

"அவன் பிறக்கேக்க ஊரில ஆர் இருந்தது வாழ்த்த" என்றார். "சண்டைக்குப் பயந்து எல்லாரும் ஓடிட்டினம். இத்தினை வருசத்தில ஒருத்தரும் எனக்கு அதுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை."

பிறகு, "உந்தச் சட்டையைக் கழட்டு, றோட்டுக் கிண்டுறவன் மாதிரி" என்றார்.

அவ்வளவுதான். அண்ணியிடம் போய் ஒன்றும் சொல்லவில்லை. எங்கட வீட்டில் மன்னிப்பு என்பது சாப்பாட்டுக் கோப்பையில்தான் வரும். அன்றிரவு அண்ணிக்கு மட்டும் முட்டை பொரித்திருந்தார். அண்ணி அதைச் சாப்பிட்டாரே தவிர, மேலே அறையில் சூட்கேஸ் திறந்தபடியேதான் கிடந்தது.

கீழ்த்தட்டில்

வைகாசியில், அண்ணியின் விமானத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது, ஒரு காலமை நித்திரைக் கலக்கத்தோடு கீழ்த்தட்டுக் கக்கூஸுக்குப் போனேன்.

இருந்தால், கண்ணுக்கு நேரே நாட்காட்டி.

புது ஆணி. நேராய், அளவெடுத்து அடித்த ஆணி. அன்றைய தேதியில் அண்ணியின் கையெழுத்தில் 'நான்' என்று எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில் அம்மாவின் ஒட்டுப்பொட்டு ஒன்று, சிவப்பாய்.

நான் குசினிக்கு ஓடினேன். அம்மா குளித்து, கோயில் சீலை உடுத்தி, அடுப்படியில் நின்றார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துவிட்டு நீட்டினார்.

"வாழ்த்துக்கள்."

"என்னம்மா?"

"உன்ர அண்ணிக்குப் பிறந்தநாள். உனக்கு வாழ்த்துக்கள். கையைத் தா. கழுவினனியோ?"

அண்ணா பல்லுத்தீட்டிய வாயோடு வந்தான். அவனுக்கும் கை. அவன் வாழ்நாளில் அம்மாவுக்குக் கை கொடுத்தவனில்லை. வங்கி மனேஜரிடம் கடன் கேட்கப் போனவன் மாதிரி நெளிந்துகொண்டு குலுக்கினான். "உனக்கு அவள் கிடைச்சதுக்கு" என்று அம்மா விளக்கமும் சொன்னார். அண்ணாவின் காது சிவந்தது.

அண்ணி படியில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாய் நின்றாரோ தெரியாது. கையால் வாயைப் பொத்தியிருந்தார்.

"கடைசியாத்தான் உமக்கு" என்றார் அம்மா. "இப்பிடித்தானே முறை? பொறும், இன்னும் ஒராள் இருக்கு."

ரெலிபோனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, ஹொலண்டுக்கு அடித்தார். அண்ணியின் அம்மாவுக்கு. அங்கே மத்தியானம். கண்ணாடிக் கொட்டகையில் சாப்பாட்டு நேரமாயிருக்கும். பின்னால் ஏதோ தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டது.

"சம்பந்தியம்மா, நான் கனடாவில இருந்து. உங்களுக்கு வாழ்த்துக்கள்!"

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

பிறகு ஸ்பீக்கர் கிழிகிற மாதிரி ஒரு கூச்சல். "ஐயோ முருகா! பிள்ளை உண்டாகியிருக்கிறாளோ? எத்தினை மாதம்?"

அம்மா ரெலிபோனைக் கையில் ஏந்திக்கொண்டு, வாய் திறந்தபடி, எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். முப்பது வருடம் ஹொலண்டில் இருந்த மனுசிக்கும், தமிழில் கேட்டால் அந்த ஒரு அர்த்தம்தான்.

அண்ணி படியிலேயே இருந்துவிட்டார். சிரித்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மூச்சுத் திணற, கண்ணால் தண்ணீர் வழிய, தொண்டைக்குள் அந்த மீன்முள்ளுச் சத்தமெல்லாம் வர வரச் சிரித்தார். கண்ணாடிக் கொட்டகையில் கேட்ட அதே சத்தம். முதலில் அண்ணா தொடங்கினான், பிறகு நான், கடைசியில் அம்மாவும் சேலைத் தலைப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டு.

"என்னடி சிரிக்கிறியள்? ஆராவது சொல்லுங்கோவன்!" என்று ஹொலண்ட் கத்தியது.

அண்ணி எழும்பி வந்து, அம்மாவின் கைக்கு மேலேயே தன் கையை வைத்து ரெலிபோனைப் பிடித்தார்.

"இல்லையம்மா, அப்பிடி ஒண்டும் இல்லை" என்றார். "இது எங்கட வீட்டுப் பழக்கம்."